முழங்கையை எங்கே ஊன்றுவது

1

இந்தக் கதை ஒரு துண்டுத்தாளிலிருந்து வந்தது. மண்பாண்டச் சக்கரத்தில் உட்காருகிறவர்கள் உடம்பு நோகாமல் வேலை செய்ய ஒன்பது குறிப்புகள். சொன்னவர் அண்ணி, என் அண்ணன் மனைவி, பதினாறு வருடமாகக் கோப்பையும் கிண்ணமும் வனைகிறவர். எழுதியவள் நான். அவர் வீட்டு முன்னறையில் நான்கு பேர் வனையக் கற்றுக்கொள்கிறார்கள், அவர்களுக்காக.

அந்தத் தாளில் ஒரு பிழை இருந்தது. எழுத்துப் பிழை அல்ல.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘சக்கரம் சுழலத் தொடங்கியதும் அண்ணியின் முகத்தில் ஒரு தெய்விக அமைதி

இல்லை. சக்கரத்தில் உட்கார்ந்தால் அண்ணிக்கு அமைதியெல்லாம் கிடையாது. மூக்கு அரித்தால் தோளில் தேய்த்துக்கொண்டு, வாய் ஓயாமல் பேசுவார். மறுபடி தொடங்குகிறேன்.

தாளை முன்னறைச் சுவரில் ஒட்டி ஒரு மாதமாகியிருந்தது. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றதால், அதையே சின்னப் புத்தகமாக்கலாம் என்று ஒரு காலையில் போனேன். அண்ணி சக்கரத்தில், எதிரே முக்காலியில் நான், மடியில் நோட்டு.

“எழுதிக்கோ. முட்டிய விட இடுப்பு உசரமா இருக்கணும். குனிஞ்சு குனிஞ்சு பாக்கக் கூடாது, எதிர்ல ஒரு கண்ணாடி வச்சுக்கணும்.”

“மெதுவா அண்ணி.”

“நீ வேகமா எழுது, எழுத்தாளரம்மா. அரை மணிக்கு ஒரு தடவ எழுந்து நடக்கணும்.”

“நீங்க எப்ப எழுந்தீங்க?”

“சொல்றதுக்குத்தான் நான். செய்யறதுக்கு நீங்கல்லாம் இருக்கீங்களே!”

சிரித்தோம். வெள்ளைக் களிமண் அவர் கைகளுக்கிடையே ஏறி இறங்கியது. நான் எழுதினேன்: ‘மண் மெல்ல ரோஜா நிறம் கொள்கிறது. அழகு.’

3

(இந்த வரியை அடித்துவிடத்தான் நினைத்தேன். படிக்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? நினைக்கட்டும்.)

ரோஜா நிறம் சிவப்பானது. சக்கரத்தைச் சுற்றியிருந்த தட்டில் தேங்கிய தண்ணீரும் சிவப்பு. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

“அண்ணி, இது என்ன மண்ணு?”

அவர் பார்த்தார். சக்கரத்தை நிறுத்தினார். வலது கையைத் திருப்பினார். சுண்டுவிரலின் வெளிப்பக்கம் நுனியிலிருந்து அடிவரை பிளந்து கிடந்தது. பழைய மண்ணைத் திரும்பப் பிசைந்தபோது ஒடிந்த பிளேடுத் துண்டு ஒன்று உள்ளே போயிருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கீறல். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று கணக்குப் போடாதீர்கள். நான் போட்டேன், அன்று சோறு இறங்கவில்லை.

அண்ணி அலறவில்லை. என்னை உலுக்கியது அதுதான். வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தார்.

“வலிக்கலையே,” என்றார். பிறகு என்னிடம்: “ஏன்டி எனக்கு வலிக்கல?”

4

டாக்டர் தையல் போட்டு முடித்து, பக்கத்து விரலிலும் ஊசியால் தொட்டுப் பார்த்தார்.

“எவ்ளோ நாளா மரத்துப்போயிருக்கு?”

“ஒரு வருஷம் இருக்கும். உதறினா சரியாப்போகும்னு விட்டுட்டேன்.”

“என்கிட்டகூடச் சொல்லலையே அண்ணி!”

“சொன்னா எழுதிடுவ.”

டாக்டர் சிரிக்கவில்லை. “வேலை செய்யும்போது முழங்கைய எங்க வைப்பீங்க?”

அண்ணி கொஞ்சம் பெருமையாகவே, மேசை விளிம்பில் முழங்கையை அழுத்திக் காட்டினார். “சக்கரத் தட்டோட விளிம்புல இப்படி ஊன்றிக்குவேன். தோளுக்கு நோவே தெரியாது.”

“எங்கயாவது இடிச்சா சுரீர்னு ஷாக் அடிக்குமே, அந்த நரம்பு அங்கதாம்மா போகுது. அதத்தான் இத்தன வருஷமா நசுக்கியிருக்கீங்க. ஊனணும்னா முன்கையத் தொடையில வைக்கணும். முழங்கை முனை எதுலயும் படவே கூடாது.”

அண்ணி என் பக்கம் திரும்பினார். 

நான்காவது குறிப்பு: ‘முழங்கையைத் தட்டின் விளிம்பில் அழுத்தி ஊன்றிக்கொள்ளுங்கள். தோள் வலிக்காது.’ தடித்த எழுத்து என் யோசனை.

5

வீடு திரும்பியபோது மதிய வகுப்புக்கு வந்தவர்கள் அண்ணிக்குக் காத்திராமல் வனையத் தொடங்கியிருந்தார்கள். நான்கு சக்கரங்கள். எட்டு முழங்கைகளும் விளிம்பில்.

“எல்லாரும் கைய எடுங்க!” வாசலிலிருந்தே அண்ணி கத்தினார். “எடுங்கன்னு சொல்றேன்ல!”

யாரோ வனைந்த கிண்ணம் சரிந்து விழுந்தது. அண்ணி மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னார். நால்வரில் தையற்கார அம்மா மட்டும் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எனக்கும் பத்து நாளா ரெண்டு விரல் மரத்துப் போகுதுங்க. வயசாயிடுச்சுன்னுல்ல நெனச்சேன்.”

ஊசி பிடித்துப் பிழைக்கிற கை. அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் சுவரிலிருந்த தாளைக் கிழித்தேன். நன்றாக ஒட்டியிருக்கிறேன் போலிருக்கிறது, நான்காவது குறிப்பு மட்டும் வர மறுத்தது. நகத்தால் சுரண்டினேன்.

(தையற்கார அம்மாவுக்கு மூன்று வாரத்தில் சரியாகிவிட்டது. இது கதைக்காகச் சொல்வதல்ல; நடந்தது. பயத்தோடு படிப்பவர்களுக்காக இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

6

அண்ணிக்கு முழங்கையில் அறுவை சிகிச்சை ஆயிற்று. அழுத்தத்திலிருந்து நரம்பு விடுபட்டுவிட்டது, உணர்ச்சி திரும்புமா என்று பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

ஒரு முடிவு எழுதினேன்: மூன்று மாதம் கழித்து அண்ணி மறுபடி சக்கரத்தில் உட்கார்ந்து, ஈர மண்ணின் குளிர்ச்சியைச் சுண்டுவிரலில்

இன்னொன்று: சக்கரத்தை விற்றுவிட்டு, அந்த இடத்தில்

இரண்டையும் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன்.

“முடிவ மட்டும் நீ எழுதாத,” என்றார். “நீ எழுதினா ஜனங்க நம்பிடறாங்க. நானே நம்பிடுவேன்.”

ஆகவே நேற்று நடந்ததை, நடந்த வரைக்கும் சொல்கிறேன். மிச்சம் உங்கள் பாடு.

டாக்டர் அண்ணியைக் கண்ணை மூடச் சொன்னார். ஒரு பஞ்சுத் துணுக்கைத் திரித்து எடுத்துக்கொண்டார். “தொட்டதும் சொல்லுங்கம்மா.”

கை மேசைமேல் விரிந்து கிடந்தது. பஞ்சு சுண்டுவிரலை நோக்கி இறங்கியது. 

அண்ணி கண்ணைத் திறக்காமல் கேட்டார்:

“தொட்டுட்டீங்களா டாக்டர்?”