முனையைப் பிடித்தவன்

என்னைத் திட்ட யாரும் வாயை வலிக்கவைத்துக்கொள்ள வேண்டாம். நானே போதுமான அளவு திட்டிக்கொண்டாகிவிட்டது. பன்னிரண்டு வருஷமாகக் கார் ஷோரூமில் வண்டி விற்கிறேன். எஸ்யூவி மாதிரிப் பெரிய வண்டிகளை என்னைவிட நன்றாக விற்கிற ஆள் எங்கள் கிளையில் கிடையாது. ஆனால் நான் ஓட்டுவது பழைய, சின்ன ஹேட்ச்பேக். அதிலேயே என் லட்சணம் தெரிந்துவிடும்.

அக்கா தையற்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. நான் பொடியனாக இருந்தபோது ஜன்னல் திரைக்கு அளவெடுக்க எங்கே போனாலும் என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். "முனையைப் பிடிடா" என்பாள். டேப்பின் ஒரு முனையைச் சுவரோடு அழுத்தி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நிற்பேன். மறுமுனையில் அவள் படித்து எழுதிக்கொள்வாள். இருபத்தைந்து வருஷத்தில் அளவு தப்பிவிட்டது என்று ஒரு துணிகூட அவளிடம் திரும்பி வந்ததில்லை.

போன வருஷம் மாடிப்படியில் சறுக்கி விழுந்து வலது முட்டியை நொறுக்கிக்கொண்டாள். உள்ளே கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஒரு வருஷத்துக்குக் கால் மடங்காது. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போக வேண்டும். காலை நீட்டித்தான் உட்கார முடியும் என்பதால் பின்சீட்டில் ஒரு கதவில் முதுகைச் சாய்த்து, மறு கதவுப் பக்கம் காலை நீட்டிக் குறுக்காக உட்காருவாள். வாடகை வண்டிக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அதனால் சொந்தமாக வாங்கிவிடுவது என்று முடிவானது.

வாங்குமுன் அக்கா தன்னையே அளந்துகொண்டாள். முதுகுக்குத் தலையணை வைத்துச் சுவரில் சாய்ந்து, சுவரிலிருந்து குதிகால் வரை ஐம்பது அங்குலம். அதை வாடிக்கையாளர்களின் அளவு நோட்டிலேயே எழுதிவைத்தாள்.

"புதுசா ஒரு கஸ்டமர்டா. பேரு கார். இடுப்பளவு ஐம்பதுக்குக் குறையக் கூடாது" என்று போனில் சிரித்தாள்.

அத்தானோடு ஷோரூமுக்கு வந்த அன்று மாதக் கடைசி. ஒரே ஒரு எஸ்யூவி விற்றால் இந்த மாதமும் அதிகம் விற்றவன் என்று ஷோரூம் சுவரில் என் படம்தான். அத்தான் லாரி ஓட்டுநர். உள்ளே நுழைந்ததுமே அவர் கண் பெரிய வண்டிமேல் போய் உட்கார்ந்துவிட்டது.

நான் ஆரம்பித்தேன். "அத்தான், இடம்னா இதுதான் இடம். கூரை உயரத்தைப் பாருங்க. டிக்கியைப் பாருங்க, அதுல எத்தனை லிட்டர் கூடுதல் தெரியுமா? அந்த ஹேட்ச்பேக்ல உக்காந்தா யாரோட சட்டைப்பையிலயோ உக்காந்த மாதிரி இருக்கும்."

"லிட்டரா? நான் என்ன பால் வாங்கவா வந்திருக்கேன்?" என்றாள் அக்கா. "தலைக்கு மேல இருக்கற இடத்துலயா நான் காலை நீட்டப் போறேன்? குறுக்க எவ்வளவு, அதைச் சொல்லு."

விளம்பரத் தாளில் அது இல்லை. அவள் கைப்பையிலிருந்து டேப்பை உருவினாள். "முனையைப் பிடிடா."

முதலில் ஹேட்ச்பேக். நான் பின்சீட்டில் ஏறி என் பக்கத்துக் கதவைச் சாத்தி, உட்புறத்தில் முனையை ஒழுங்காக அழுத்தினேன். அவள் எதிர்க் கதவுக்கு வெளியே ஊன்றுகோலோடு நின்று, ஜன்னல் வழியாகக் கையை விட்டுப் படித்தாள். ஐம்பத்தொன்று.

அடுத்தது எஸ்யூவி. அதன் கதவுகள் உள்பக்கம் தடித்தவை, கை வைக்கும் திண்டு புடைத்துக்கொண்டிருக்கும். வெளியே யானை மாதிரி இருந்தாலும் குறுக்களவில் சின்ன வண்டியைவிடக் குறைவு. இது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். கதவை இழுத்துச் சாத்தும் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருப்பதும் தெரியும். யாராவது டேப்பும் கையுமாக வந்தால் முனையை அதற்குள் விட்டுவிடுவோம். 'டேப்புக்குத் தீனி போடுறது' என்று அதற்கு எங்களுக்குள் பெயர். தீனி மூன்று அங்குலம்.

சத்தியமாகச் சொல்கிறேன், யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போனது. போனபிறகு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. தலையணையைச் சின்னதாக வைத்தால் போயிற்று என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"ஐம்பத்திரண்டு! பரவாயில்லையே, பெரியவன் பெரியவன்தான்" என்று அக்கா நோட்டில் எழுதினாள். அத்தானுக்கு வாயெல்லாம் பல். சுவரில் என் படம் ஏறியது.

அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. வேலை, வேலை என்று மூன்று வாரம் தட்டிக்கழித்தேன். போனபோது தையல் மெஷின்மேல் போர்வை போர்த்தியிருந்தது. வெட்டாத துணிகளை மூட்டையாகக் கட்டி மூலையில் வைத்திருந்தாள். அக்காவின் குதிகாலில் கட்டு.

"என்னக்கா இது?"

"கதவு தேய்ச்சுத் தேய்ச்சுப் புண்ணாயிடுச்சு. ஒரு சின்னத் துணியைத்தான் முதுகுக்கு வெச்சுக்கறேன், அப்படியும் வண்டி குலுங்கறப்பல்லாம் இடிக்குது. உங்க அத்தானை முனையைப் பிடிக்கச் சொல்லி நாலு தடவை அளந்துட்டேன்டா. நாப்பத்தொம்போதுதான் வருது. அன்னைக்கு ஐம்பத்திரண்டுன்னு எழுதியிருக்கேன்." நோட்டைத் திருப்பிக் காட்டினாள். "மூணு அங்குலம்! ஒரு சட்டையில மூணு அங்குலம் தப்பினா அது யாருக்குடா ஆகும்?"

குளியலறை வாசலில் முகத்துக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்த அத்தான் சிரித்தார். "ஊருக்கெல்லாம் அளவெடுக்கறவ, தனக்கு அளவெடுக்கறப்போ கோட்டை விட்டுட்டா. இல்ல, மச்சான்தான் முனையைச் சரியாப் பிடிக்கலையோ என்னவோ."

"அவனைச் சொல்லாதீங்க" என்று அக்கா சட்டென்று திரும்பினாள். "சின்ன வயசிலேருந்து பிடிக்கறான். அவன் பிடிச்சா இம்மி நகராது. படிச்சது நான்தானே?"

அப்போதாவது வாயைத் திறந்தேனா? திறந்தேன். என்ன சொன்னேன் தெரியுமா? "மாத்திரை நிறைய சாப்பிடறல்லக்கா, அதனால கண்ணு கொஞ்சம் மங்கியிருக்கும். டாக்டர்கிட்ட காட்டு." இந்த நாக்கை அறுத்துப் போட்டால்கூடத் தகும்.

"நானும் அதைத்தான்டா நெனைச்சேன்" என்றாள் மெதுவாக. "எந்த அளவையும் நம்பிக் கத்திரி வைக்க முடியல. எல்லாத் துணியையும் திருப்பிக் கொடுத்துடப் போறேன். மெஷினை யாருக்காவது பேசி முடிச்சு விடேன். உனக்குத்தான் நாலு பேரைத் தெரியும். நல்லாவும் பேசுவே."

நல்லாவும் பேசுவே. அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை.

"டேப்பை எடுத்துக்கிட்டு வெளிய வாக்கா" என்றேன்.

"இப்ப எதுக்குடா?"

"வாயேன்."

எஸ்யூவியின் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினேன். முனையைக் கதவின் திண்டில் வைத்தேன். "படி." அவள் ஜன்னலில் குனிந்து படித்தாள். நாற்பத்தொன்பது. பிறகு முனையை அந்தப் பள்ளத்துக்குள் விட்டேன். "இப்பப் படி."

"ஐம்பத்…" என்று நிறுத்தினாள். "ஐம்பத்திரண்டு."

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "ஏங்க! இங்க வாங்களேன்! நான் சரியாத்தான் படிச்சிருக்கேன்! என் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். ஊன்றுகோலை மறந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தான் பாதி முகத்தில் சோப்போடு ஓடிவந்தார். அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தச் சந்தோஷத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. பள்ளத்துக்குள் இருந்த என் கையைப் பார்த்தாள்.

"அங்க பள்ளம் இருக்குன்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

"அன்னைக்கும் இதுக்குள்ளதான்க்கா விட்டேன்."

"தெரியாமலா?"

"தெரிஞ்சுதான்."

அத்தான் என் சட்டையைப் பிடிக்க வந்தார். அக்கா கையை நீட்டித் தடுத்தாள். டேப்பைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அதுவரை நான் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை என் ஹேட்ச்பேக்கைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன். அத்தான் லோடு ஏற்றப் போயிருந்தார்.

"இதை நீ வெச்சுக்கக்கா. ஷோரூம்ல பார்த்த அதே மாடல்தான். பெரிய வண்டியை நான் பார்த்துக்கறேன்."

"அளந்து பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. வாடிக்கையாளரிடம் பேசுகிற குரல்.

நான் பின்சீட்டில் ஏறி வழக்கமான இடத்தில் உட்கார்ந்து கையை நீட்டினேன்.

"இறங்கு" என்றாள்.

இறங்கினேன். கொடியிலிருந்து ஒரு துணிக் கிளிப்பைக் கொண்டுவந்திருந்தாள். டேப்பின் முனையைக் கதவின் திண்டு விளிம்பில் கவ்வ வைத்து, விலகாமல் இருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள். பிறகு ஊன்றுகோலை ஊன்றி, மடங்காத காலை இழுத்து இழுத்து, வண்டியின் பின்பக்கமாகச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள். நாலு அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள்.

"நான் பிடிக்கறேன்க்கா" என்றேன்.

அவள் மறுபக்கம் போய்ச் சேர்ந்து, ஜன்னலில் குனிந்து, ஐம்பத்தொன்று என்று தனக்குத்தானே சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டாள்.