ஒன்பதாவது வளைவில் உடைத்த தேங்காய்

எங்கள் காரில் இன்று ஆக்சிலேட்டரை மிதித்தால் நாளைக்கு இதே நேரத்துக்கு இழுக்கும். டீசல் வண்டி, கையால் கியர் போடுவது. டர்போ வைத்த டீசல் வண்டி எதுவானாலும் மிதித்த பிறகு கொஞ்சம் யோசித்துத்தான் கிளம்பும். எங்கள் பக்கத்தில் சில வண்டிகள், எங்களுடையது உட்பட, ஒரு நாள் யோசிக்கும். மற்றபடி நல்ல வண்டி. பிரேக் உடனே பிடிக்கும். ஏசி உடனே குளிரும். ஹாரனைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வாங்கிய புதிதில் பொள்ளாச்சியில் மெக்கானிக் நாச்சிமுத்துவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். டர்போவுக்குள் காற்று சேர வேண்டும், சேருகிற வரை நாம்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றார். முன்கூட்டியே மிதித்து வைக்கச் சொன்னார். இழுப்பு வந்து சேருகிற நேரத்தில் சரியான கியரில் இருந்தால் போதும், வந்தது வீணாகாது என்றார். வேறு எந்த வேலையும் செய்யவில்லை, டீக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து நாங்கள் முந்தின நாள் மிதித்ததை மறுநாள் ஓட்டி வருகிறோம். முந்தின நாள் ஷெட்டுக்குள் வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு, போகிற பாதையை மனதில் வைத்து மிதிப்பேன். மேட்டுக்கு ஒரு மிதி, லாரியைத் தாண்ட ஒரு மிதி. மறுநாள் அந்தந்த இடத்தில் அந்தந்த இழுப்பு வந்து சேரும். நான் கிளட்ச், கியர், பிரேக், ஸ்டியரிங் இவற்றைப் பார்த்துக்கொண்டால் போதும். சில நாட்களில் தாண்டுவதற்கு லாரியே வராது. அப்போது சும்மா வேகமாகப் போவோம்.

அக்காவின் கல்யாணத்துக்கும் இப்படித்தான் கிளம்பினோம்.

அக்கா செல்வநாயகி மார்க்கெட்டில் ஒரு காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறாள். அவளுக்கு வந்த வரன்களையெல்லாம் அப்பா நேரம் சரியில்லை என்றே திருப்பி அனுப்பினார். ஒருவர் வாசலில் கால் வைத்தபோது எமகண்டம். இன்னொருவர் வீட்டார் எங்கள் வீட்டில் பேசி முடிக்கும்போது பல்லி சொன்னது. அந்தப் பல்லி எங்கள் வீட்டுப் பல்லி, எல்லாவற்றுக்கும் சொல்லும் என்று அம்மா எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். அக்காவுக்கு முப்பத்தெட்டு வயதாகிவிட்டது. கடைசியில் அவளே ஒருவரைப் பார்த்துக்கொண்டாள். பெயர் திருமூர்த்தி. வால்பாறைக்காரர். டீசல் ஜீப்பில் மண்டிக்கு வந்து காய்கறி ஏற்றிக்கொண்டு எஸ்டேட்டுகளுக்குப் போகிறவர். கல்யாணம் மேலே முருகன் கோயிலில், ஞாயிற்றுக்கிழமை உச்சிக்கு முன் முகூர்த்தம். மாப்பிள்ளையின் பெரியப்பா அப்பாவுக்குச் சளைத்தவரல்ல. அந்த முகூர்த்தம் தப்பினால் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லியிருந்தார்.

அம்மா சனிக்கிழமையே சொந்தக்காரர்களோடு மேலே போய்விட்டாள். அப்பா, அக்கா, நான் மூவரும் மறுநாள் காரில் வருவதாக ஏற்பாடு.

அதனால் சனிக்கிழமை காலையில் நான் ஷெட்டில் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தேன். அப்பா முன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். அன்று வண்டி நகராது என்பது அவருக்கும் தெரியும். அக்கா பக்கத்து இருக்கையில் இருந்து பாதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். மலைப்பாதையில் மொத்தம் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றின் மேடும் பள்ளமும் அவளுக்கு மனப்பாடம். எப்படி மனப்பாடம் ஆனது என்று அப்பா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆழியாறு தாண்டி, செக்போஸ்ட் தாண்டி, எட்டு வளைவுகள் மிதித்து முடித்தேன். ஒன்பதாவதுக்குக் காலை வைக்கும்போது அப்பா கையில் நாள்காட்டித் தாளோடு வந்து நின்றார். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம்.

"காலை எடு தம்பி" என்றார்.

பயணம் நாளைக்குத்தான், நாளைக்கு இந்த நேரத்தில் ராகு காலம் கிடையாது என்று நான் சொல்லிப் பார்த்தேன். சக்கரம் உருள்வது நாளைக்குத்தான், ஆனால் மனது வைத்து மிதிப்பது இன்றைக்குத்தானே என்றார் அப்பா. காலை எடுத்தேன். மூவரும் இட்லி சாப்பிட்டோம். பத்தரை ஆனதும் ஒன்பதாவது வளைவிலிருந்து தொடர்ந்து மிதித்து, நாற்பதும் தாண்டி, தேயிலைத் தோட்டங்களையும் தாண்டி, கோயில் வாசலில் மெதுவாகக் கொண்டுபோய் விட்டேன். இடையில் நின்றது போகவும் முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடலாம். நசுங்காத எலுமிச்சம்பழங்களை அப்பா எடுத்துப் பிழிந்து ஜூஸ் போட்டுக் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் மிதித்தபடியே நடந்தது. பட்டுப் புடவையும் மாலையுமாக அக்கா என் பக்கத்தில் இருந்தாள். வண்டி எட்டு வளைவுகள் ஏறி, ஒன்பதாவதின் அடியில், எதிர்பார்த்த இடத்தில் இழுப்பு தீர்ந்து நின்றது. ஓரமாக விட்டு இரண்டாவது கியரில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். கீழே அணை தெரிந்தது. வரையாடுகள் பாறையிலிருந்து இறங்கி வந்து வண்டியைச் சுற்றி நின்றன. அக்கா தன் கையிலிருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தரைக்குச் சற்று முன்பு நான் இன்ஜினைக் கிளப்பிக் கிளட்சை மிதித்துத் தயாராக இருந்தேன். அப்போதுதான் அப்பா கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். எங்கே என்று கேட்டேன். நின்ற வண்டி மறுபடி கிளம்புகிறது என்றால் அது புதுப் பயணம், புதுப் பயணத்துக்குத் தேங்காய் உடைக்க வேண்டாமா என்றார். பையிலிருந்து தேங்காயை எடுத்துக்கொண்டு வண்டிக்கு நேர் முன்னால் போய், சாலையோரக் கல்லில் ஓங்கி அடித்தார். தேங்காய் உடையவில்லை. இன்னொரு முறை அடித்தார். அப்போதும் உடையவில்லை. கல்லைக் கொஞ்சம் திருப்பி வைத்தார்.

இழுப்பு வந்தது. நேற்று பத்தரை மணிக்கு நான் மிதித்த அந்த நல்ல அழுத்தமான மிதி, அப்படியே வந்தது. அப்பா முன்னால் குனிந்து நின்றார். நான் கிளட்சிலிருந்தும் பிரேக்கிலிருந்தும் காலை எடுக்கவில்லை. இன்ஜின் நின்ற இடத்திலேயே உறுமி அடங்கியது. ஒன்பதாவது வளைவு போய்விட்டது.

"நல்லா ஒடஞ்சிருக்கு" என்று அப்பா இரண்டு மூடிகளையும் தூக்கிக் காட்டினார்.

இனி வரப்போவதும் உதவாது என்பது எங்களுக்குத் தெரியும். நாங்கள் ஒன்பதாவதில் நிற்கும்போது பத்தாவதுக்கான இழுப்பு வரும். மேட்டில் நிற்கும்போது சமதளத்துக்கானது வரும். திரும்ப வேண்டிய இடத்தில் நேராகப் போவதற்கானது வந்தால், நேராகத்தான் போவோம். நேராக அணை இருந்தது.

மேலே போகிற ஒரு ஜீப் மெதுவாக வந்தது. ஓட்டியவர் எங்கள் தூரத்துச் சொந்தம். நேற்று நான்கு பேருக்குத்தான் மிதித்தேன், இன்னொரு ஆள் ஏறினால் பதினைந்தாவதில் நின்றுவிடும் என்று வருத்தப்பட்டுச் சொல்லிக்கொண்டே கடந்து போனார். பின்னாலேயே பேருந்து வந்தது. அதன் ஓட்டுநரும் நேற்று மிதித்ததில் வருகிறவர்தான், அவர் நினைத்தாலும் நடுவில் நிறுத்த முடியாது. அக்காவின் மாலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். உள்ளே இருந்தவர்களும் கும்பிட்டார்கள்.

அக்கா மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். அவர் குரல் எனக்கும் கேட்டது. பின்னால் மேளம் கேட்டது.

"எந்த வளைவு?" என்றார்.

"ஒம்போது."

"கியர்?"

"ரெண்டுல இருக்கு."

"அத மாத்திராத செல்வி. இப்ப வர்றது எல்லாம் வந்துட்டுப் போகட்டும். நீ அதக் கேட்டுட்டே நாளைக்காக இப்பவே மிதிச்சுட்டு வா. இங்க நான் பாத்துக்கறேன்."

அக்கா போனை வைத்துவிட்டு என்னைப் பக்கத்து இருக்கைக்கு நகரச் சொன்னாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். அப்பா ஜன்னலருகே வந்து நின்று, நாளைக்குத் திங்கட்கிழமை, பத்தரைக்கு மேல் எமகண்டம் என்றார். தேங்காய் மூடிகள் இன்னும் அவர் கையில் இருந்தன. நீங்கள் ஒரு தேங்காய் உடைத்தது போதாதா என்று நான் கேட்க நினைத்தேன். அக்கா அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"அப்பா, ஏறி உக்காருங்க" என்றாள்.

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் இத்தனை வருடத்தில் அவள் அப்பாவிடம் எதையும் கேட்காமல் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்பா ஏறிப் பின்னால் உட்கார்ந்தார். தேங்காய் மூடிகளை மடியில் வைத்துக்கொண்டார்.

அக்கா முதலில் ஒன்பதாவது வளைவை ஞாபகத்திலிருந்து மிதித்தாள். அதற்குள் இன்ஜினில் பத்தாவது வந்துவிட்டிருந்தது. அவள் பத்தையும் பதினொன்றையும் சற்று வேகமாக மிதித்துப் பன்னிரண்டில் அதை எட்டிப் பிடித்தாள். பிறகு இரண்டும் சேர்ந்தே போயின. நேற்று நான் மிதித்தது இன்ஜினில் வந்துகொண்டிருந்தது, அதைக் காதால் கேட்டு அவள் நாளைக்காக மிதித்துக்கொண்டிருந்தாள். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. மலைப்பாதை முழுவதும் எங்களுக்குள் உறுமிக்கொண்டே ஏறியது. இருபத்தேழாவதில் நான் நேற்று கொஞ்சம் அசட்டையாக மிதித்திருந்தேன். அக்கா அங்கே மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் விருப்பப்படி மிதித்தாள்.

நாற்பதும் முடிந்தது. தேயிலைத் தோட்டங்களின் சின்னச் சின்ன ஏற்றங்கள் வந்தன. கடைசியில், கோயில் வாசலில் போய் நிற்பதற்காக நான் மிதித்திருந்த மெல்லிய மிதி வந்தது. இன்ஜின் அமைதியானது.

"வந்து சேந்துட்டோம்" என்றாள் அக்கா.

ஜன்னலுக்கு வெளியே வரையாடுகளும் பாறையும் இருந்தன. அவள் அழுதாள். நானும் அழுதேன், எனக்கு அக்காவை நினைத்து அவ்வளவு வேதனையாக இருந்தது. அப்பா மட்டும் அழவில்லை. அவர் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படி உட்கார்ந்திருக்கும்போதே முகூர்த்த நேரம் வந்தது.

அன்று பகலும் இரவும் அங்கேயே இருந்தோம். அப்பா தேங்காயைக் கீறி மூவருக்கும் பங்கிட்டார். அக்காவுக்குப் பெரிய பங்கு. பானெட் மேல் கழற்றி வைத்த மாலையை ஒரு வரையாடு வந்து பொறுமையாகத் தின்றது. அதன் குட்டிக்கு ரோஜா பிடிக்கவில்லை, சம்பங்கியை மட்டும் தின்றது.

திங்கட்கிழமை பத்தரைக்கு மேல் அக்காவின் இழுப்பு வந்தது. அவளே ஓட்டினாள். அப்பா பத்தரைக்கு முன்பே கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சீட் பெல்ட்டும் மாட்டிக்கொண்டிருந்தார். ஒன்பதாவது வளைவில் வண்டி வெண்ணெய் மாதிரி ஏறியது. இருபத்தேழாவதில், ஏறுகிறோம் என்பதே தெரியவில்லை.

கோயில் வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். உள்ளே மேளக்காரர்கள் இருந்தார்கள். சொந்தங்கள் எல்லோரும் நேற்றைய உடையிலேயே இருந்தார்கள். மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் ஒரு மணை காலியாக இருந்தது. அவருடைய பெரியப்பா எங்களைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டீர்களா என்று அப்பாவிடம் கேட்டார்.

பூசாரிதான் விவரம் சொன்னார். "முகூர்த்தம் தப்பலீங்க. நேத்தே கட்டிட்டாரு. இன்னும் வந்து சேரல, அவ்வளவுதான்."

நேற்று முகூர்த்தம் வந்ததும் மாப்பிள்ளை தாலியை எடுத்துக் காலி மணைக்குப் பின்னால் குனிந்து முடிச்சுப் போட்டிருக்கிறார். மூன்றாவது முடிச்சை அவருடைய தங்கை போட்டிருக்கிறாள். கெட்டிமேளம் வாசித்திருக்கிறார்கள். எல்லோரும் அட்சதை போட்டிருக்கிறார்கள், பெரியப்பா உட்பட. தாலி அப்போதிலிருந்து யார் கண்ணிலும் படவில்லை. தரையில் ஒரு அரிசிகூட இல்லை.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் அந்த மணையில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை அவள் பக்கம் லேசாகத் திரும்பி, எந்தக் கியரில் வந்தாய் என்று கேட்டார். மேலே வரைக்கும் ரெண்டும் மூணும்தான் என்றாள். அவர் தலையசைத்தார். நாங்கள் சுற்றி நின்று காத்திருந்தோம். யாரும் அவசரப்படவில்லை.

நேற்றைய நேரம் வந்தபோது அக்கா கழுத்தைக் கொஞ்சம் தாழ்த்தினாள். மஞ்சள் கயிறு வந்து சேர்ந்தது. முதல் முடிச்சு விழுந்தது, இரண்டாவது விழுந்தது, மூன்றாவது கொஞ்சம் இறுக்கமாக விழுந்தது. மேளக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, நேற்று வாசித்த கெட்டிமேளம் கேட்டது. பிறகு மேலிருந்து அட்சதை விழுந்தது. அம்மா போட்டதில் மஞ்சள் அதிகம், அதை மட்டும் நான் அடையாளம் கண்டுகொண்டேன்.

அப்பா கடைசிப் பந்தியில் சாப்பிட்டார். பாயசம் இரண்டு முறை வாங்கிக்கொண்டார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திரும்புவது பெரும்பாலும் இறக்கம், மிச்சமுள்ள சமதளத்தில் மிதிக்காமலே கியரில் ஊர்ந்து வந்தால் போதும் என்பதால், அன்று மாலையே கிளம்பி வீடு வந்துவிட்டோம். அக்கா இல்லாததால் முன் இருக்கை காலியாக இருந்தது. அம்மா சொந்தக்காரர்களோடு வந்தாள், அப்பா பின்னாலேயே உட்கார்ந்து வந்தார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை உச்சிக்கு முன், ஷெட்டில் நானும் அப்பாவும் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தோம். பானெட்டில் ஒட்டியிருந்த சம்பங்கி இதழைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா துணியைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நேற்று அக்காவின் கழுத்தில் மூன்றாவது முடிச்சு விழுந்த நேரம். நான் குழாயை மூடிவிட்டு, அது தீருகிற வரை பக்கத்தில் நின்றேன்.