மூன்றாம் ஒழுங்கையின் தண்ணீர் முறை

குகதாசன் கசிப்புக் குடியை விட்ட நாலாம் நாள் அவனுடைய கிணறு வற்றியது. ஒருவரும் அள்ளவில்லை, பம்பி போடவில்லை. உழவு இயந்திரத்தை நிறுத்திவிட்டு வழமையாகக் குடிக்கப் போகிற பின்னேரம் ஐந்தரைக்கு அவன் கிணற்றுக் கட்டில் குந்தியிருப்பான், விடாய் வரும், தண்ணீர் இறங்கும். அரை மணித்தியாலத்தில் விடாய் அடங்க, தண்ணீரும் நிற்கும். ஐந்தாம் நாள் இறங்குவதற்குத் தண்ணீர் இருக்கவில்லை. அன்று அவன் போய்க் குடித்தான். ஈரல் பழுதாகிவிட்டது, இனியும் தொட்டால் ஆள் மிஞ்சாது என்று டொக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆகவே துணுக்காய்ப் பக்கத்து மூன்றாம் ஒழுங்கையில் கிணறு வற்றினதை ஒருவரும் பெரிய புதினமாக எடுக்கவில்லை. ஆளை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் கதையாக இருந்தது.

பக்கத்து வளவு ஞானேஸ்வரி, புருசனை இழந்து கால் ஏக்கர் மிளகாயில் சீவிக்கிறவர், அடுத்த நாள் படலையைத் திறந்து, வந்து இரும் தம்பி என்றார். அவருடைய கிணறு இரண்டு முழம் இறங்கியது, அவன் குடிக்கவில்லை. பிறகுதான் அதன் ஒழுங்கு பிடிபட்டது. கிணற்றுக்காரர் வாய் திறந்து இருக்கச் சொல்ல வேண்டும், கூட இருக்கவும் வேண்டும். கேளாமல் போய்க் குந்தினால் ஒரு துளியும் இறங்காது, அவனுக்குக் கை உதறத் தொடங்கிவிடும். மலையகத்திலிருந்து வந்து இங்கே வயல் செய்கிற சங்கிலிதான் வாய்க்கால் தண்ணீருக்கு முறை பிரிக்கிறவர். வயலுக்குப் பிரிக்கிற மாதிரியே இதற்கும் பிரித்தார், ஏழு வீடு, ஏழு நாள். எட்டாவது வீடு தில்லைநாதனுடையது, ஒழுங்கையிலேயே ஆழமான கிணறும் அவருடையதுதான். அவரிடம் ஒருவரும் போகவில்லை. இரண்டு வருசத்துக்கு முன் குகதாசன் குடிவெறியில் உழவு இயந்திரத்தைப் பின்னுக்கு எடுத்தபோது தில்லைநாதனின் மகன் பிரதீபனின் கால் நசிந்து, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. எந்த முகத்தோடு போய்க் கேட்கிறது?

வைகாசி போய் ஆடி வந்தது. மழை இல்லை. வியாழக்கிழமை ஞானேஸ்வரியின் முறை. அன்று இறங்கின தண்ணீர் சனிக்கிழமை வரை ஊறாது. கீழ்ப் பாத்தி நாலும் கருகிப்போயிற்று. அவர் குகதாசனை வாய்க்கு வந்தபடி பேசுவார், அவன் பரம்பரையையும் சேர்த்துப் பேசுவார், ஆனால் ஐந்தரைக்குப் படலை திறந்திருக்கும். அவனும் தலையைக் குனிந்துகொண்டு போய் இருப்பான். எழுபத்திரண்டு நாள் அப்படிப் போனது.

அப்போதுதான் பிரதேச செயலகத்திலிருந்து கடிதம் வந்தது. போதையிலிருந்து மீள்வோருக்குத் துணைநின்ற ஏழு குடும்பத்துக்கும் நகர மண்டபத்தில் கௌரவிப்பு, பொன்னாடை உண்டு, குடும்பத்தோடு வரவும். நாள் வியாழக்கிழமை, நேரம் பகல் இரண்டு மணி. போயிட்டு வாங்கோ அக்கா, நான் சமாளிப்பன் என்று குகதாசன் சொன்னான். ஐந்துக்கு முன்னம் வந்துவிடலாம் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்காரரும் மற்ற வீட்டில் யாராவது நிற்பார்கள் என்றும் நினைத்தார்கள். நல்லது செய்கிற சனம் சிலநேரம் இப்படித்தான், மூளையைக் கழற்றி வைத்துவிடும். பிரதம விருந்தினர் நாலேகாலுக்கு வந்தார். பிறகு விளக்கேற்றி, வரவேற்பு நடனம் ஆடி, ஐந்து பேர் பேசினார்கள். ஞானேஸ்வரி மேடையைப் பார்க்கவில்லை, சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்குத் திரும்பிச் சங்கிலியிடம், ஒழுங்கையில யார் நிக்கினம் என்று கேட்டார். சங்கிலி முன் வரிசையிலிருந்து பின் வரிசை வரை எண்ணினார். ஏழு வீட்டுச் சனமும் அங்கேயே இருந்தது.

முதல் பொன்னாடைக்கு ஞானேஸ்வரியின் பெயரைக் கூப்பிட்டபோது கதிரை வெறுமையாக இருந்தது. அவர் பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சங்கிலியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்தார். பதினாலு கிலோமீற்றர், பாதி கிறவல் றோட்டு. ஐந்தரை வழியிலேயே ஆகிவிட்டது. அவர் ஒரு கடவுளையும் கூப்பிடவில்லை, குகதாசனைத்தான் பேசிக்கொண்டு வந்தார், பேசினால் அவன் உயிரோடு இருப்பான் என்ற மாதிரி. ஆறு மணிக்கு ஒழுங்கைக்குள் திரும்பினார்கள். ஏழு படலையும் பூட்டியிருந்தது. ஞானேஸ்வரியின் படலையில் மட்டும், உலுக்கின உலுக்கில் ஒரு கம்பு கழன்று கிடந்தது. குகதாசனைக் காணவில்லை. கசிப்புக் காய்ச்சுகிற பற்றைக்காட்டுக்குப் போகிற வழி ஒழுங்கையின் கடைசி வீட்டைத் தாண்டித்தான் போகும். சங்கிலி மோட்டார் சைக்கிளை அந்தப் பக்கம் திருப்பினார்.

கடைசி வீட்டுக் கிணற்றுக் கட்டில் இரண்டு பேர் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்கள், இந்தப் பக்கம் குகதாசன், அந்தப் பக்கம் தில்லைநாதன். கிணற்றுக்குள் தண்ணீர் கல்லுக் கல்லாக இறங்கிக்கொண்டிருந்தது. தில்லைநாதன் ஞானேஸ்வரியின் சேலையை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொன்னாடை எல்லாம் போத்தாச்சோ? ஒரு ஆளை எண்டாலும் விட்டிட்டுப் போகத் தெரியாதோ உங்களுக்கு?"

ஞானேஸ்வரிக்கு அழுகை வந்தது. தில்லை அண்ணை, நீங்கள் பெரிய மனுசன் என்று தொடங்கினார். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் இவனை மன்னிக்கேல்லை. இவன் திரும்பக் குடிச்சால் என்ர பிள்ளையின்ர கால் சும்மா போனதாய்ப் போயிடும். அதுக்குத்தான்."

பிறகு திரும்பாமலே, முடிஞ்சுதோடா என்று கேட்டார். இன்னும் இல்லை அண்ணை என்றான் குகதாசன். அவனுடைய சேர்ட் முழுக்க வியர்வை. தண்ணீர் இன்னும் மூன்று முழம் இறங்கி, அடி மணல் தெரிகிற இடத்தில் நின்றது. குகதாசன் கையை விரித்துப் பார்த்தான். உதறல் இல்லை. எழும்பிப் போனான்.

அடுத்த முறை பிரிக்கும்போது சங்கிலி கேளாமலே வியாழக்கிழமைக்குத் தில்லைநாதனைப் போட்டார். அவர் மறுக்கவில்லை. ஞானேஸ்வரியின் மிச்சப் பாத்திகள் தப்பிவிட்டன. அவருடைய பொன்னாடையைக் கிராமசேவகர் கொண்டுவந்து கொடுத்தார். தில்லைநாதனுக்கு ஒன்றும் வரவில்லை, வந்திருந்தாலும் வாங்கியிருக்கமாட்டார். வியாழக்கிழமை ஐந்தரைக்கு அவர் படலையைத் திறந்து, இரு என்று சொல்கிறார். கிழமை முழுக்க அவர் குகதாசனோடு கதைக்கிறது அந்த ஒரு சொல்தான். தண்ணீர் நாலு முழம் இறங்குகிறது.