வெந்த வேர்

நூறு வயதுக் காட்டு ஜின்செங் வேருக்கு விலையே கிடையாது என்பார்கள். கொரியாவின் கும்சான் சந்தையில் தரகு பார்க்கிற நான் சொல்கிறேன்: பத்துக் கோடி வொன். அதுவும் முழு வேருக்கு இல்லை, நகம் அளவுத் துண்டுக்கு.

கேட்டது சொங்ஜுவில் ஆய்வுக்கூடம் வைத்திருக்கும் ஒரு கம்பெனி. உயிருள்ள துண்டு கிடைத்தால் கண்ணாடிக் குடுவையில் சர்க்கரைத் தண்ணீர் ஊட்டி, அண்டா அண்டாவாக வேர்நாரை வளர்த்துவிடுவார்கள். அதிலிருந்து எடுக்கும் ஆன்டிஆக்சிடன்ட் சாறு முகத்தில் சுருக்கம் விழாமல் காக்குமாம். காக்கிறதோ இல்லையோ, விற்கிறது.

வேர் தொக்-சுவுடையது. பாதி ஆயுளை மலையில் தொலைத்தவனுக்கு முதல்முறையாக வாய்த்தது. எங்கள் மலையில் வேரைக் கண்டவன் "சிம்பத்தா" என்று கத்துவான். கூட வந்தவர்கள் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். தோண்டி முடிக்கும்வரை எழக்கூடாது, வேர் கத்தியவனுக்குத்தான். அன்று மழையில் உட்கார்ந்தது அவன் பெண்டாட்டியின் தம்பி சில்-பொக்.

துண்டு வெட்ட அந்தக் கம்பெனியின் ஆய்வாளர் முனைவர் ஹோங் அம்மாள் திங்களன்று வருவதாகப் பேச்சு. அதுவரை வேரை ஈரப் பாசியில் பொதிந்து ஒரு பெட்டியில் வைக்கச் சொல்லியிருந்தார். ஞாயிறு காலை சில்-பொக் களைக்கொத்தோடு தொக்-சுவின் முற்றத்துக்கு வந்தான். முதலில் மரியாதையாகத்தான் பாதிப் பங்கு கேட்டான்.

"என் காலுக்குக் கீழ இருந்த வேரு மாமா அது. நீ கத்துன, நான் உக்காந்தேன். அதுக்கு என்ன கூலி?"

"குண்டி நனைஞ்சதுக்கு வேணா ஒரு டவுசர் எடுத்துத் தர்றேன் மாப்ள."

களைக்கொத்தின் காம்பு தொக்-சுவின் வாயில் இறங்கி முன்பற்கள் மூன்றைப் பெயர்த்தது. மிச்சப் பற்களால் அவன் மைத்துனனின் காதைக் கவ்விப் பிய்த்தான். அடுத்த வெட்டு, வேர்ப் பெட்டியைப் பிடித்திருந்த தொக்-சுவின் கையில். இரண்டு விரல்கள் பாசிக்குள் விழுந்தன. அவற்றை உதறிவிட்டுப் பெட்டியோடு ஓடினான் சில்-பொக்.

மறுநாள் ஹோங்கும் நானும் கட்டுப்போட்ட தொக்-சுவும் சில்-பொக் வீட்டுக்குப் போனோம். காதில் துணியோடு அவன் பெருமையாக வேரை நீட்டினான். பாசியெல்லாம் ரத்தமாகிவிட்டதால் அழுகிவிடுமோ என்று பயந்து, நல்ல வேருக்குக் கும்சானில் எல்லோரும் செய்வதைத்தான் செய்திருந்தான்: ஆவியில் வேகவைத்து வெயிலில் காயப்போட்டிருந்தான்.

ஹோங் கீறிப் பார்த்தார். உள்ளே முழுக்கக் கருஞ்சிவப்பு.

"ஒரு செல்கூட உயிரோட இல்லீங்க."

"வேகவெச்சா சத்து கூடுமேம்மா?" என்றான் சில்-பொக்.

"கூடியிருக்கும். ஆனா இனிமே வளராது."

அடுப்பில் வேறு வேர்கள் வெந்துகொண்டிருந்தன. தொக்-சு நல்ல கையால் மைத்துனனின் பிடரியைப் பற்றி, முகத்தை அந்தக் கொதிநீரில் அழுத்தினான். இழுத்தெடுக்க நாங்கள் இரண்டு பேர் போதவில்லை.

கணக்கு இது. தொக்-சு வகையில் மூன்று பல், இரண்டு விரல். சில்-பொக் வகையில் ஒரு காது, இரண்டு கண். இரண்டு வார்டுக்கும் கஞ்சி சுமப்பவள் ஒருத்தி: ஒருவனுக்குப் பெண்டாட்டி, மற்றவனுக்கு அக்கா. வெந்த வேரை விற்ற காசு ஆஸ்பத்திரிச் செலவுக்குச் சரியாகப் போயிற்று. என் தரகு பாக்கி.