குற்றம் சொல்ல ஒருவர்

மனைவியின் கல்லறையில் கல் நடும் நாள் நெருங்கியபோது, பிழைதிருத்துநர் ஒரே ஒரு சொல்லுக்காக ஊரெல்லாம் அலைய வேண்டியதாயிற்று. கல்லில் அவள் பெயர் ஏறிவிட்டது. அதற்குக் கீழே ‘கம்மியர்’ என்று வர வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அவள் லிஃப்ட் பழுது பார்க்கிறவள். தொழிற்பள்ளியில் அவள் படித்த படிப்புக்கு அந்தப் பெயர்தான் வைத்திருந்தார்கள். கூடப் படித்தவர்கள் எல்லாரும் வெளியே வந்ததும் மெக்கானிக் ஆகிவிட்டார்கள். அவள் மட்டும் அந்தச் சொல்லை விடவில்லை. யாராவது “மெக்கானிக்கம்மா” என்று கூப்பிட்டால், கிரீஸ் விரலை உயர்த்தி, “கம்மியர்” என்பாள். வீட்டுக்கு ஒரு பிழைதிருத்துநர் போதாதா என்று அவர் கேட்பார்.

கல்தச்சர் விஷயத்தைக் கேட்டதும் உளியைக் கீழே வைத்தார்.

“அத சும்மா வெட்டிட முடியாது சார்.”

“ஏன், எழுத்து கஷ்டமா?”

“எழுத்து என்ன பெரிய எழுத்து. அது எங்க சொல்லு. கல்லத் தொடாதவங்களுக்கு எப்படிக் குடுக்கிறது?”

பிழைதிருத்துநர் பழைய நூல்களுக்குப் பிழை பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவர். அவர் பொறுமையாகச் சொன்னார். அந்தக் காலத்தில் பொன்னில் வேலை செய்தவரும் கம்மியர், மணியைத் துளைத்தவரும் கம்மியர், நெய்தவரும் சுவர் எழுப்பியவரும்கூடக் கம்மியர். கையில் வித்தை இருந்தால் போதும். பிறகு அந்தச் சொல் கொல்லுப்பட்டறைப் பக்கம் ஒதுங்கியது. கடைசியில் தொழிற்பள்ளிக்காரர்கள் அதை எடுத்து எந்திரம் பார்ப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

“ஊர் ஊரா அலைஞ்ச சொல்லுங்க அது. யார் வீட்டுலயும் நிலையாத் தங்கல.”

“அலைஞ்சது சரி. இப்ப என் வாசல்ல வந்து நிக்குதில்ல? எங்க முறைப்படிதான் உள்ள விடுவேன்.”

முறை இதுதான். கம்மியர் என்று யாரும் தன்னைத் தானே சொல்லிக்கொள்ள முடியாது. ஊர் பாராட்டினாலும் செல்லாது. கைத்தொழில் தெரிந்த இன்னொருவர் அந்த வேலையில் ஒரு குற்றம் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

“நல்லாருக்குன்னு போற போக்குல யாரும் சொல்லிடலாம் சார். குத்தம் சொல்லணும்னா கிட்ட வந்து குனிஞ்சு பாக்கணும். உங்க வீட்டம்மா வேலைய அப்படி ஒருத்தராவது பாத்திருக்காங்களான்னு எனக்குத் தெரியணும்.”

“நான் சொல்றேனே. எத்தனை வேணும் உங்களுக்கு?”

“புருஷன் சொன்னா எடுபடாது. பொண்டாட்டிய குத்தம் சொல்றது புருஷனுக்குத் தொழிலா? பொழுதுபோக்கு.”

அன்றிலிருந்து, செத்துப்போன மனைவியைக் குறை சொல்ல ஆள் தேடி அலைந்தார் பிழைதிருத்துநர். துக்கம் கேட்க வந்தவர்கள் ஒருவர் விடாமல் அவளைப் புகழ்ந்து தள்ளினார்கள். அவருக்கு எரிச்சலாக வந்தது. தன் கட்டடத்தின் தரைத்தளத்தில் நகை வேலை செய்பவரிடம் போனார். அவருடைய கம்பி இழுக்கும் எந்திரத்தை அவள் ஒருமுறை சரிசெய்து கொடுத்திருந்தாள்.

“தங்கமான கை சார்” என்றார் நகை வேலைக்காரர்.

“தங்கத்த விடுங்க. எங்கயாவது கோணல், இடுக்கு, சத்தம்?”

“போய்ச் சேந்தவங்கள அப்படிச் சொல்லலாமா?”

“தயவு பண்ணிச் சொல்லுங்க. உங்க கால்ல வேணா விழறேன்.”

நகை வேலைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடையைச் சாத்திவிட்டார். பாவம், மனுஷனுக்குத் துக்கம் தலைக்கேறிவிட்டது என்று சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்கப் பேச்சு.

மிச்சம் இருந்தது ஸ்பானர். அவளோடு வேலை பார்த்தவன். ஒல்லியாக உயர்ந்து, தலை மட்டும் அகலமாக இருந்ததால் அவளே வைத்த பெயர்.

“அக்கா வேலையில குத்தமா? மாமா, என்னை நாலு அடி அடிச்சிடுங்க, இத மட்டும் கேக்காதீங்க.”

சரி, வீட்டுக்கு வந்து ஒரு டீயாவது குடி என்று அவனை, அவளே பராமரித்துவந்த கட்டடத்து லிஃப்டில் கூட்டிக்கொண்டு வந்தார். நான்காவது மாடியில் கதவு திறந்தது. வெளியே கால் வைத்த ஸ்பானர் தடுக்கிக் குப்புற விழுந்தான். எழுந்ததும் முழங்காலைப் பார்க்காமல் லிஃப்டைப் பார்த்தான். தரைக்கு ஒரு விரல் அளவு கீழே நின்றிருந்தது. பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தவனின் முகம் சிவந்தது.

“நூல் அளவு தவறினாலும் சோறு இறங்காதுன்னு எங்களை என்ன பாடு படுத்தியிருக்கும் தெரியுமா மாமா? தான் குடியிருக்கிற மாடியில இப்படியா விட்டு வைக்கும்?”

பிழைதிருத்துநர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கல்தச்சர் இன்னொரு நிபந்தனையும் வைத்திருந்தார். குற்றத்தை முதுகுக்குப் பின்னால் சொல்லக் கூடாது. உரியவர் முன்னால் நின்று சொல்ல வேண்டும். ஆகவே மூன்று பேரும் கல்லையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கல்லறைக்குப் போனார்கள். ஸ்பானர் முதலில் கையைக் கட்டிக்கொண்டு முனகினான். பிறகு சூடு பிடித்துவிட்டது.

“விரல் அளவு அக்கா, ஒரு விரல் அளவு. வயசானவங்க நடமாடுற இடம். ஒருநாள்கூட உன் கண்ணுல படலையா? எங்களுக்கு மட்டும் வாய் கிழியப் பாடம் நடத்தின?”

கல்தச்சர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, கல்லின் முன் உட்கார்ந்து ஒரு தட்டுத் தட்டினார். பெயருக்குக் கீழே சின்னதாக ஒரு கீறல் விழுந்தது.

அந்தச் சத்தத்தில்தான் பிழைதிருத்துநருக்கு நினைவு வந்தது. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கட்டடத்தின் சொந்தக்காரர் நான்காவது மாடி நடையில் பழைய தரைக்கு மேலேயே புது டைல்ஸ் ஒட்டினார். வீடெல்லாம் தூசியென்று இவரே போய்ச் சண்டை போட்டிருக்கிறார். லிஃப்ட் இறங்கவில்லை. தரைதான் ஏறியிருக்கிறது. அவள் நடந்த வரைக்கும் அங்கே எல்லாம் சமமாகத்தான் இருந்தது.

இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றால் சொல் கல்லில் ஏறிவிடும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ஸ்பானரோ நிறுத்துகிற வழியாக இல்லை. “இதான் உன் வேலையோட லட்சணமாக்கா?” என்றான்.

“நிறுத்துங்க. அது அவ குத்தமில்ல.”

டைல்ஸ் கதையைக் கேட்டு முடித்த கல்தச்சர் உளியைப் பைக்குள் போட்டார்.

“நீங்க பேசாம இருந்திருக்கலாம் சார்.”

“இருந்திருக்கலாம்.”

“டைல்ஸ் ஒட்டினதுக்கு அப்புறம் லிஃப்டத் தூக்கி வைக்க வேண்டியது யாரு?”

“நான்தான்” என்றான் ஸ்பானர், மெதுவாக. “அக்கா படுத்ததுல இருந்து அந்தக் கட்டடத்த நான்தானே பாக்கிறேன்.”

கல்தச்சரின் முகம் மலர்ந்தது. அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். “அப்ப குத்தம் உங்களுது. வாழ்த்துகள். நீங்க கம்மியர் ஆயிட்டீங்க.”

ஸ்பானர் கல்லைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். “எனக்கு வேணாம், அக்காவுக்குக் குடுங்க” என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். கொடுத்ததை மாற்றிக் கொடுக்க முறையில் இடம் இல்லை என்றார் கல்தச்சர்.

முறையை மீற அவருக்கு மனம் வரவில்லை. அந்தக் கீறலை அப்படியே விட்டு வைக்கவும் மனம் வரவில்லை. அடுத்த வாரம், அவள் வேலையில் நிஜமான குற்றம் ஒன்றைத் தேடி, தரை மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு கட்டடத்துக்கே வந்துவிட்டார். விவரம் தெரிந்ததும் நகை வேலைக்காரர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு லிஃப்ட் வாசலில் குப்புறப் படுத்தார். ஸ்பானர் மேலே கம்பிவடங்களைத் தட்டித் தட்டிக் காது கொடுத்தான். நான்காவது மாடியை அவன் சரிசெய்துவிட்டதால் அது மட்டும் கணக்கில் சேராது. மற்றதெல்லாம் அவள் வேலை. மாடி மாடியாக ஏறினார்கள், இறங்கினார்கள். காய்கறிப் பையோடு காத்திருந்தவர்கள் இவர்களைத் திட்டித் தீர்த்துவிட்டுப் படியேறிப் போனார்கள்.

பிழைதிருத்துநர் ஒவ்வொரு மாடியிலும் டீத் தட்டோடு நின்றார். நகை வேலைக்காரர் வாசல் விளிம்பில் கண்ணை வைக்கும்போதெல்லாம் அவருக்கு மூச்சே நின்றுபோகும்.

“ஏதாவது கிடைச்சுதா?”

“இல்ல சார். நூல் பிசகல.”

“அடடா” என்று உச்சுக்கொட்டினார் பிழைதிருத்துநர். டீ ஊற்றும்போது சிரிப்பு வராமல் உதட்டை இறுக்கிக்கொண்டார். “பரவால்ல, அவசரமே இல்ல. நாளைக்கும் வாங்க.”