மூன்று மைலும் ஒரு விலாசமும்

தண்டாயுதபாணி வெற்றிலைச் சாற்றைப் படிக்கத்தில் துப்பினார். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். அதே கையை நீட்டி வீரணனின் கெண்டைக்காலைப் பிடித்து அமுக்கிப் பார்த்தார்.

"சதை கல்லு மாதிரி இருக்கப்பா. பல்லையும் பாத்துட்டா விலை பேசிறலாம்."

காரைக்குடி வாசகசாலையில் இருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். வீரணனும் சிரித்தான். அவன் காலில் சிவப்பாக ஒரு விரல் தடம் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்த அழகுசுந்தரத்துக்கு வயிற்றைப் புரட்டியது.

ஊருக்கு ரயில் வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்பெல்லாம் இந்தக் கூட்டத்துக்கு மாட்டுவண்டிப் பந்தயம் ஒன்றுதான் தெரியும். எந்த ஊர்க் காளைக்கு எத்தனை பல், எந்தச் சுழி ஆகாது என்று நாள் கணக்கில் பேசுவார்கள். இப்போது காலை ரயிலில் பத்திரிகை வருகிறது. கொழும்பில் இந்தியா, இலங்கை, பர்மா, மலாய் என்று நாலு நாட்டு ஓட்டக்காரர்கள் கூடும் பந்தயம் நடக்கப்போகிறது, சங்கங்கள் தங்கள் ஆளை அனுப்பலாம் என்று அதில் ஒரு செய்தி வந்தது. அவ்வளவுதான், காளையை விட்டுவிட்டு மனுஷனைப் பிடித்துக்கொண்டார்கள். பர்மாக்காரனுக்கு மூச்சு பத்தாது, கொழும்புப் போலீஸ்காரன் கடைசிச் சுற்றில் சுணங்குவான் என்று, ஒருவரையும் கண்ணால் காணாமலே அடித்துச் சொன்னார்கள். தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை நடந்தாலே இளைக்கிற ஆட்கள் இவர்கள்.

அழகுசுந்தரம் அப்படியில்லை. ரங்கூனில் கடை பார்த்த காலத்தில் ஓட்டக் கடிகாரம் ஒன்று வாங்கி வந்திருந்தார். உலகத்தில் யார் எத்தனை நிமிஷத்தில் எவ்வளவு தூரம் ஓடினார்கள் என்று நோட்டில் எழுதி வைப்பார். மனைவி ஆச்சி அதைக் கோட்டி பிடித்த வேலை என்பார். வீரணனைக் கண்டுபிடித்ததும் அவர்தான். கீழச்சிவல்பட்டியிலிருந்து திருப்பத்தூருக்குத் தபால் பை சுமந்து ஓடுகிறவன். வெள்ளாமைக் குடும்பம், இருபத்திரண்டு வயது. பையை இறக்கி வைக்கச் சொல்லி, மைல்கல் பார்த்து மூன்று மைல் ஓடவிட்டார். வெறுங்கால். பதினைந்து நிமிஷம் முப்பத்தொரு விநாடி. கடிகாரம் பழுதோ என்று மறுநாளும் ஓடவிட்டார். ஒரு விநாடி குறைந்தது. அன்று அவர் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தனக்குத்தானே பேசிக்கொண்டு போனார். அவனைக் கொழும்பில் ஓடவைத்துப் பார்த்துவிட வேண்டும், அதற்குமேல் சாமியிடம் கேட்க ஒன்றுமில்லை என்று தோன்றியது.

வாசகசாலைக் கூட்டம் வாரிக் கொடுத்தது. ஆணி வைத்த சப்பாத்து மதராசிலிருந்து வந்தது. 'நம்ம வீரணன்' என்றார்கள். சர்க்கரைப் பொங்கல் வைத்துப் படையல் போட்டார்கள். படைத்ததை அவனுக்குக் கொடுத்தது என்னவோ பின்கட்டு வாசலில்தான். ரோசாப்பூ மாலை போட்டு, நல்ல நேரம் பார்த்து, ஊர்வலமாக ரயிலடிக்குக் கூட்டிப்போவதென்று முடிவானது. மாலை விழப்போகிற கழுத்து பின்கட்டில் குனிந்து சாப்பிட்டதைப் பார்த்தபோது, அழகுசுந்தரத்துக்குத் தன் இலையில் இருந்த பொங்கலே கசந்தது. ஆனால் எழுந்துவிடவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவர் தண்டாயுதபாணியிடம் போய்ப் பேசினார்.

"அண்ணே, மண்டபம் ரயிலடில கொழும்பு போறவுகள வடிகட்டுவாக. வியாபாரிக விலாசம் சொன்னா விட்ருவாக. மத்தவுகள முகாம்ல அஞ்சு நாளு வச்சு, நோயி நொடி இல்லேன்னு பாத்துத்தான் கப்பலேத்துவாக. பந்தயத்துக்கு மூணு நாளுதான் இருக்கு. வீரணனுக்கு ஒங்க விலாசத்துல ஒரு சீட்டு எழுதிக் குடுத்துருங்க."

விலாசம் என்றால் செட்டிநாட்டில் சும்மா இல்லை. தாத்தன், அப்பன் பேரின் முதல் எழுத்துகளைக் கோத்த நாலெழுத்து. கடைப் பலகையிலும் பெட்டகத்திலும் கடுதாசித் தலைப்பிலும் அதுதான் நிற்கும். மகனுக்குப் போகும், கடையை நடத்தும் ஏஜெண்டு கையில் இருக்கும். வேறு எவனும் அதைச் சொல்லிக்கொள்ள முடியாது.

தண்டாயுதபாணி முகம் சுண்டிப்போனது. "சப்பாத்து வாங்கிக் குடுத்தாச்சு. மாலை வாங்கியாச்சு. கேட்டா இன்னும் வேட்டி கூட எடுத்துக் குடுப்பேன். விலாசம் குடுக்கிற வழக்கம் எங்க வீட்ல இல்லப்பா. ஒனக்கும் விலாசம் இருக்குல்ல? நீ குடேன்."

அழகுசுந்தரம் எழுந்து வந்துவிட்டார். விலாசமும் வீட்டுச் சாவியும் ஒன்று, வெளியே போகக்கூடாது என்று அவருடைய அப்பச்சி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தவர். மண்டபத்தில் பார்த்துக்கொள்ளலாம், அந்த நேரத்தில் யாராவது மனம் இரங்குவார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு என்று அந்தக் கூட்டத்தை மனசுக்குள் திட்டினார். தன் கையைப் பற்றி அப்போது அவர் நினைக்கவில்லை.

மேளம் முழங்க ரயிலேறினார்கள். கூட்டம் இரண்டாம் வகுப்பில், தேன்குழல், மணகோலம் என்று பலகார டின்களோடு. வீரணன் மூன்றாம் வகுப்பில், மாலையோடு. மண்டபத்தில் ரயில் நின்றதும் டாக்டர் ஒருவர் பட்டியலோடு வந்தார். செட்டியார்கள் ஒவ்வொருவராக விலாசம் சொல்ல, அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். கீழே நடைமேடையில் கங்காணிகளோடு வந்த தோட்டத்துக் கூலிகள் வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையில் வீரணனும் நின்றான். மாலை வாடி, நார் தெரிந்தது.

"இவர் பந்தயத்துக்குப் போவதாகச் சொல்கிறாரே. உங்களைச் சேர்ந்தவரா?" என்று டாக்டர் ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"எங்க பக்கத்து ஆளுதான். விலாசம் கிடையாது," என்றார் தண்டாயுதபாணி.

"யாராவது ஒருவர் பொறுப்பேற்றால் போதும், விட்டுவிடுகிறேன். யாராவது இருக்கிறீர்களா?"

பெட்டியில் மணகோலம் கடிபடும் சத்தம் மட்டும் கேட்டது. அழகுசுந்தரம் ஜன்னலோரத்தில்தான் இருந்தார். நாலே எழுத்து. நாக்கு நுனிவரை வந்தது. பின்கட்டில் சாப்பிட்டவனுக்கு இவன் விலாசம் கொடுத்தானாம் என்று இந்தக் கூட்டம் சாகும்வரை சொல்லிச் சிரிக்குமே என்று நினைத்தார். டாக்டர் இன்னொரு தடவை கேட்டார். பிறகு ரயில் நகர்ந்துவிட்டது.

கொழும்பு மைதானத்தில், நாலு மணிக்கு, மூன்று மைல் ஓட்டத்துக்கு வீரணன் பேரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். கொழும்பில் கடை வைத்திருந்த ஊர்க்காரர்கள் இவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். தண்டாயுதபாணி வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு, "வெள்ளக்காரனப் பாத்ததும் பயந்துட்டாம்ப்பா. பாதி வழியிலயே எறங்கிட்டான். பட்டிக்காட்டுப் பயலுக்கு அம்புட்டுத்தான் தைரியம்," என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அவர்கள் மற்ற ஓட்டங்களைக் கைதட்டி ரசித்தார்கள். கீழே புளிச் புளிச்சென்று துப்பினார்கள். அழகுசுந்தரத்துக்கு அந்த நாற்றத்தில் மூச்சு முட்டியது. கை மட்டும் பழக்கத்தில் கடிகாரத்தை அமுக்கியது. சிங்கப்பூர்ப் பட்டாளத்துக்காரன் ஒருவன் முதலில் வந்தான். பதினைந்து நிமிஷம் ஐம்பத்திரண்டு விநாடி.

கூட்டம் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் திரும்பியது. ரயில் மண்டபத்தில் நின்றபோது, வீரணன் நடைமேடையில் இருந்தான். அன்று காலைதான் முகாமிலிருந்து விட்டிருந்தார்கள். சப்பாத்து இரண்டையும் கயிற்றால் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தான். அழகுசுந்தரம் இறங்கிப் போனார்.

"மொதல்ல வந்தவரு எம்புட்டு நேரம்யா?" என்று கேட்டான்.

அவர் சொன்னார்.

"அன்னைக்கி நாலு மணிக்கு நானும் ஓடுனேன்யா. கம்பி வேலிய ஒட்டிக்கிட்டே. கடியாரந்தான் இல்ல."

"வீரணா, அந்தச் சப்பாத்த இங்குட்டுக் குடுத்துரு," என்று ஜன்னலிலிருந்து தண்டாயுதபாணி கூப்பிட்டார். "ஓடாத ஆளுக்கு அது எதுக்கு? மண்ணு படலேல்ல?"

வீரணன் கழற்றிக் கொடுத்தான். ஆணிகள் புதுசாகவே மின்னின. அழகுசுந்தரம் சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"இத நீ வச்சுக்க."

"வேணாம்யா. அத வச்சு நா என்ன செய்ய." அவன் குரல் உயரவே இல்லை. "டாக்டரு ரெண்டு தடவ கேட்டாரு. நா வேற யாரையும் பாக்கல. ஒங்க மொகத்தத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். நீங்க சன்னலோரத்துலதான் இருந்தீக."

சொல்லிவிட்டு மூன்றாம் வகுப்புப் பெட்டியைப் பார்த்து நடந்தான். ஓடவில்லை.

அழகுசுந்தரம் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தார். இவர்களைப் பார்த்தால் வயிற்றைப் புரட்டுகிறது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாரே, அந்தக் குமட்டல் இப்போது தன் வாய்க்குள்ளேயே இருந்தது.

"அடுத்த வருசம் ரங்கூன்ல பந்தயமாம்," என்றார் தண்டாயுதபாணி. "பயப்படாத ஆளாப் பாக்கணும். நீதான் பாத்துச் சொல்லணும் அழகு. நமக்குள்ள ஒனக்குத்தான் அந்தக் கண்ணு." எண்ணெய் வழியும் கையால் இரண்டு மணகோலத்தை எடுத்து நீட்டினார்.

அழகுசுந்தரம் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். மானாமதுரை வருவதற்குள் இரண்டையும் தின்றுவிட்டார்.