கப்பலில் இருக்கும் மகன்

பிழைக்க வந்த நாட்டு ஜெயிலில் இரண்டரை வருடம் தமிழ் பேச ஆளில்லாமல் கிடந்தேன். வீட்டுக்கு வந்து நாற்பது நாளாகிறது. இங்கே தமிழ் பேச மூன்று பேர் இருக்கிறார்கள். என்னோடு பேசத்தான் நாதியில்லை.

ஊர் உலகத்துக்கு நான் கப்பலில் வேலை பார்க்கிறேன். திருட்டுச் சரக்கு ஏற்றிய வண்டியை ஓட்டி மாட்டிக்கொண்ட அன்றே அப்பா என்னைக் கப்பலேற்றிவிட்டார். இறக்கத்தான் அவருக்கு மனசு வரவில்லை. அதனால் பின்னறையில் இருக்கிறேன். சொந்தக்காரர் யாராவது வந்தால் நான் இருமக்கூடாது, குழாயைத் திறக்கக்கூடாது. தங்கச்சி சாப்பாட்டுத் தட்டைக் கதவோரம் வைத்துவிட்டு ஓடிவிடுவாள்.

எங்கள் தமிழ் ஆட்கள் ஜெயிலைவிட்டு வெளியே வந்தபின் மறுபடி உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ள ஒரு சங்கம் இருக்கிறது. அங்கே வேலை செய்யும் அக்காதான் எனக்கு ரொட்டிக் கம்பெனியில் ராத்திரி ஷிப்டில் பாக்கெட் போடும் வேலை வாங்கிக் கொடுத்தாள். வீட்டுக்கும் வந்து அப்பாவிடம் படித்துப் படித்துச் சொன்னாள்.

"இவன முன்கூட்டியே விட்டுருக்காங்க. பரோல் அதிகாரி சொல்லாம கொள்ளாம வருவாரு. இவன் இந்த வீட்டுலதான் இருக்கான்னு நீங்க சொல்லணும், கையெழுத்தும் போடணும். இல்லேன்னா தண்டனையில மிச்சம் இருக்கற பதினாலு மாசத்துக்கு மறுபடி உள்ளதான்."

அப்பா தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார்.

சனிக்கிழமை மத்தியானம் பெரியம்மா வந்து உட்கார்ந்தாள். அவள் காதில் விழுந்தது சாயங்காலத்துக்குள் சொந்தம் முழுக்கப் போய்விடும். நான் பின்னறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அப்போது பார்த்து அழைப்பு மணி அடித்தது. அதிகாரியின் குரல் என் பெயரைச் சொல்லி, இருக்கிறானா என்று கேட்டது.

"அவன் கப்பல்ல இருக்கான்," என்றார் அப்பா, படக்கென்று. இரண்டரை வருடப் பழக்கம்.

எப்போது போனான் என்று கேட்டார் அதிகாரி.

"போன... போன மாசம்."

அடப்பாவி மனுஷா! அனுமதியில்லாமல் நாட்டைத் தாண்டினால் நேரே ஜெயில் என்று அத்தனை தடவை சொல்லியிருந்தாளே அக்கா. காகிதம் புரளும் சத்தம் கேட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் அப்பாவின் மானம் தப்பும். நான் உள்ளே போவேன். கதவைத் திறந்தேன்.

"நான் இங்கதான் சார் இருக்கேன்."

பெரியம்மா வாயில் வைத்த கப்பை எடுக்கவில்லை. பிறகு கப்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "ஏம்ப்பா, கப்பல்லேர்ந்து எப்ப எறங்குன?"

சொல்லாதே என்று அப்பாவின் கண் கெஞ்சியது.

"ஜெயில்லேர்ந்து வந்தேன் பெரியம்மா. நாப்பது நாளாச்சு."

அதிகாரி என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் படிவத்தை நீட்டினார். அப்பா பேனாவை வாங்கி வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு, அடுத்த வீட்டுப் பார்சலை வாங்குகிறவர் மாதிரி கிறுக்கிக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அதிகாரி, 'குடும்ப ஆதரவு உண்டு' என்ற கட்டத்தில் டிக் அடித்து, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். பெரியம்மா செருப்பை மாட்டும்போதே போனைக் காதில் வைத்துவிட்டாள்.

சாயங்காலம் அம்மா முதல் தடவையாக என் தட்டைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். கூடவே மூன்று தட்டுகளைக் கவிழ்த்து வைத்தாள். மாடியைப் பார்த்து இரண்டு தடவை கூப்பிட்டாள். அப்பா வரவில்லை. தங்கச்சி தலைவலி என்றாள். அம்மா எனக்குப் பரிமாறிவிட்டு அடுப்படிக்குப் போய் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றாள். பின்னறையில் தனியாகச் சாப்பிட்டபோது இவ்வளவு கஷ்டமாக இல்லை.

சங்கத்து அக்கா போன் செய்தாள். "கையெழுத்து ஆயிடுச்சாமே! இனிமே பயமில்ல. வீட்டுல எல்லாரும் எப்படிடா இருக்காங்க?"

எதிரே மூன்று தட்டுகளும் கவிழ்த்தது கவிழ்த்தபடி இருந்தன.

"நல்லா இருக்காங்கக்கா. எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்கோம்," என்றேன், படக்கென்று.